வாசலில் நின்ற விதை

மே 6

அண்ணாவுக்கு,

நேற்று நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டாய். அதற்கு முந்தின தடவை நான் வைத்தேன். ஆக, இருவருக்கும் சரியாகிவிட்டது. இனிமேல் போன் வேண்டாம், எழுதிவிடுகிறேன். காகிதத்தில் நான் எவ்வளவு கத்தினாலும் உன் பக்கத்து அறைக்காரருக்குக் கேட்காது. நீயும் நடுவில் புகுந்து, "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்று என் வாயை அடைக்க முடியாது. எங்கள் காய்கறி லாரி மீசைக்காரர் வாரத்துக்கு இரண்டு நடை துறைமுகச் சந்தைக்கு இறங்குகிறார். இதை உன் கையில் கொடுத்து, பதில் வாங்காமல் மலை ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

போனில் நீ எதையும் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன். போன வருடம் எங்கள் மலையில் கருகல் நோய் வந்து உருளைக்கிழங்கு வயலோடு அழுகியது. விதைக்கென்று வீட்டில் எடுத்துவைத்த கிழங்கிலும் நோய் புகுந்துவிட்டது. அதையே திரும்ப நட்டால் திரும்ப அழுகும். அதனால்தான் விவசாயிகள் சங்கம் கூடி, வெளிநாட்டிலிருந்து நோயில்லாத விதைக்கிழங்கு ஒரு கண்டெய்னர் வரவழைப்பது என்று முடிவு செய்தோம். துறைமுகத்தில் யார் எடுத்துக் கொடுப்பது என்று பேச்சு வந்தது. தலைவர் ஏதோ பெரிய கம்பெனியைச் சொன்னார். நான்தான், செயலாளர் என்ற மிதப்பில் எழுந்து நின்று, "எதுக்கு வெளியாளு? எங்கண்ணன் பதினஞ்சு வருஷமா அங்கதான் கிளியரிங் ஏஜெண்டா இருக்கான். கப்பல் வந்த வாரமே பெட்டி மலை ஏறிடும்" என்றேன். எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் இப்போது கன்னத்தில் விழுவது போல இருக்கிறது.

கப்பல் வந்து போயே விட்டது. பெட்டி மட்டும் உங்கள் சுங்கத்தில் நிற்கிறது. இங்கே உழுது பாத்தி கட்டி முடித்தாகிவிட்டது. பெருமழை பிடிப்பதற்குள் கிழங்கு மண்ணுக்குள் போயிருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரத்தில் அழுகிவிடும். ஜூன் பிறந்து ஒரு வாரம் தாண்டினால் இந்த வருடம் மலையில் யாருக்கும் விளைச்சல் கிடையாது.

கீழ்மேட்டு அக்கா என்று ஒருத்தி இருக்கிறாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள், ஒரே ஒரு துண்டு நிலம். எல்லாருக்கும் முன்னால் உழுது வைத்திருப்பவள் அவள்தான். தினமும் காலையில் சங்க ஆபீஸ் வாசலில் வந்து நிற்கிறாள். ஒன்றும் கேட்பதில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறாள். கேட்டுத் தொலைத்தாலாவது பரவாயில்லை.

பெட்டி எங்கே? ஏன் நிற்கிறது? எப்போது வரும்? இந்த மூன்றுக்கும் பதில் வேண்டும். அண்ணியைக் கேட்டதாகச் சொல்.

தங்கை

மே 9

வாயாடிக்கு,

உன் மீசைக்காரர் வந்து, பதில் எழுதும்வரை எழுந்திருக்க மாட்டேன் என்று உட்கார்ந்திருக்கிறார். என் ஆபீஸில் இருப்பது ஒரே நாற்காலி. அதனால் நான் நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் அவரைக் கேள்.

உன் மூன்று கேள்விகளில் இரண்டுக்குத்தான் எனக்குப் பதில் தெரியும்.

பெட்டி துறைமுகத்துச் சரக்கு யார்டின் வடக்கு மூலையில், குளிர்பெட்டிகளுக்கென்று உள்ள வரிசையில் இருக்கிறது. கரண்ட் கொடுத்து வைத்திருக்கிறார்கள். தினமும் காலையில் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன். உறுமிக்கொண்டிருக்கிறது. காவலாளி என்னைப் பார்த்து, "என்ன சார், காய்ச்சல் பாக்கிறீங்களா?" என்கிறார்.

ஏன் நிற்கிறது என்றால், வெளிநாட்டு விதை என்பதால் நோய் இருக்கிறதா என்று சோதித்துத்தான் விடுவார்கள். அது நியாயம்தான். நோய்க்குப் பயந்துதானே நீங்களே வெளியிலிருந்து வாங்கினீர்கள்? முதல் வாரமே, அந்தச் சோதனை செய்கிற லேப் மேடம் ஆள் அனுப்பி ஒரு முழு மூட்டையைச் சாம்பிள் என்று தூக்கிக்கொண்டு போய்விட்டார். "நாலு கிழங்கு போதாதா மேடம்?" என்றேன். "ரூல் ஒரு மூட்டை" என்றார். மூட்டை அவர் நடைபாதையில் கிடக்கிறது. சோதனை மட்டும் நடக்கவில்லை. ஏன் தெரியுமா? சோதிக்கிற மருந்து தீர்ந்துவிட்டது. புது மருந்தும் வெளிநாட்டிலிருந்துதான் வரவேண்டும். அது வந்துவிட்டது. எங்கே இருக்கிறது? இதே யார்டில், உன் பெட்டிக்கு மூன்று வரிசை தள்ளி, சுங்க அனுமதிக்குக் காத்துக்கொண்டு நிற்கிறது. சிரிக்காதே. நான் சிரித்துப் பார்த்துவிட்டேன், அப்புறம் தலைவலி வந்துவிட்டது.

உன் பெட்டி மட்டும் இல்லை. ஆஸ்பத்திரிக்கு வந்த எக்ஸ்ரே குழாய் நிற்கிறது. யாரோ ஒரு நகரத்துக்குக் குடிநீர் ஏற்றும் மோட்டார் நிற்கிறது. பேக்கரிக்காரர் ஒருவர் ஈஸ்ட் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறார், கடையைப் பூட்டிவிட்டாராம். கடலைத் தாண்ட ஆகிற நாளைவிட இந்த வாசலைத் தாண்ட ஆகிற நாள்தான் நம் நாட்டில் அதிகம். நிற்கிற ஒவ்வொரு நாளுக்கும் வாடகை வேறு ஏறுகிறது.

எப்போது வரும் என்பது எனக்குத் தெரியாது. தெரியும் என்று சொன்னால் உன் காதில் பூ சுற்றுவதாகிவிடும்.

மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

மே 13

அண்ணாவுக்கு,

காய்ச்சல் பார்க்கிறாயாக்கும். வைத்தியம் எப்போது?

நேற்றுத் தலைவர் ஆபீஸுக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பின்னாலேயே பத்துப் பதினைந்து பேர். "செயலாளரம்மா, உங்கண்ணன் சௌக்கியமா?" என்றார். "சௌக்கியம்" என்றேன். "கிழங்கு?" என்றார். பின்னால் யாரோ சிரித்தார்கள். உன் கடிதத்தை எடுத்து, மருந்து வரவில்லை, அதனால் சோதனை நடக்கவில்லை என்று படித்துக் காட்டினேன். "நல்லா இருக்கும்மா கதை" என்று ஒருவர் திரும்பிப் போனார். இன்னொருவர் வாசலில் நின்றுகொண்டே, "சந்தை வியாபாரி கடனுக்கு விதை தர்றேன்கிறான். நோய் இருந்தா இருந்துட்டுப் போவட்டும், வெறும் நிலத்தப் பாத்துக்கிட்டு உக்கார முடியுமா?" என்றார். நான் உன் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன். வாயாடி என்று பெயர் வைத்தாயே, இங்கே வந்து பார்த்திருக்க வேண்டும்.

அந்த வியாபாரியின் விதை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். நாலு பேர் அதை நட்டால் போதும், மலை முழுக்க நோய் திரும்ப வந்துவிடும். அப்புறம் உன் பெட்டி வந்தும் பயனில்லை.

இந்த மாதம் இருபத்தேழாம் தேதி பொதுக்கூட்டம் போட்டிருக்கிறார்கள். அதற்குள் கிழங்கு வராவிட்டால் ஆளுக்கு ஒரு பக்கம் வியாபாரியிடம் போய்விடுவார்கள். என்னையும் அன்றோடு செயலாளர் பொறுப்பிலிருந்து இறக்கிவிடுவார்கள். அதுகூடப் போகட்டும். நான் இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்தவள். என் வார்த்தையை நம்பி இவர்கள் வேறு விதை வாங்காமல் இருந்தார்கள். உன் மாப்பிள்ளை மண்வெட்டியைக் கழுவித் துடைத்துச் சுவரில் சாய்த்து வைக்கிறார், மறுநாள் திரும்ப எடுத்துத் துடைக்கிறார்.

ஒன்று கேட்கிறேன். இந்த மலையில் சிமெண்ட் கடைக்காரர் இருக்கிறார். அவருடைய சரக்கு கப்பல் வந்த நாலாம் நாள் இங்கே இறங்குகிறது. அதே துறைமுகம், அதே சுங்கம். அவருடைய ஏஜெண்டுக்குத் தெரிந்த வழி உனக்குத் தெரியாதா? தெரியும், நீ போக மாட்டாய். குறுக்கு வழியில் ஒரு சீல்கூட வாங்கினதில்லை என்று கல்யாண வீட்டில் எல்லாம் பெருமை பேசுவாயே. சரி அண்ணா. உன் நேர்மையைப் பாத்தி கட்டி நட்டால் முளைக்குமா?

தங்கை

மே 17

தங்கைக்கு,

கடைசி வரியை அண்ணி படித்துவிட்டாள். "உங்க தங்கச்சி கேட்டதுல என்ன தப்பு?" என்கிறாள். வீட்டிலும் எனக்கு இடமில்லை.

நேற்றுக் காலையில் பெட்டியின் மேல் கை வைத்தேன். சத்தமே இல்லை. பின்னால் போய்ப் பார்த்தால், நம் பெட்டியின் வயரைப் பிடுங்கிவிட்டு, யாருடைய மீன் பெட்டிக்கோ கொடுத்திருக்கிறார்கள். எப்போது பிடுங்கினார்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யார்டு சூப்பர்வைசரின் சட்டையைப் பிடித்துவிட்டேன். என் ஆயுசில் யார் சட்டையையும் பிடித்ததில்லை. அவர் பதறவே இல்லை. "சார், மீன் நாறும். கிழங்கு நாறுமா?" என்றார். கத்திக் கூச்சல் போட்டுத் திரும்ப வயரை மாட்ட வைத்தேன். திரும்ப உறுமியது. உள்ளே என்ன ஆனது என்று தெரியவில்லை. சீல் வைத்த பெட்டியைத் திறக்க எனக்கு உரிமையில்லை.

மருந்துப் பெட்டிக்கு அனுமதி கிடைத்துவிடும் என்கிறார்கள். இந்த வாரமா, அடுத்த வாரமா என்று கேட்டால் மேலே பார்க்கிறார்கள்.

ஒரு வழி இருக்கிறது. அது பொய் வழி. சந்தையில் உருளைக்கிழங்கு விலை ஏறிவிட்டதால், உணவுப் பொருள் எதுவாக இருந்தாலும் உடனே விடச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்திருக்கிறது. சமையல் கிழங்கு என்றால் நோய்ச் சோதனை கிடையாது, வரி மட்டும் கட்ட வேண்டும். 'தவறுதலாக விதை என்று எழுதிவிட்டோம், இது சமையலுக்கு வந்த கிழங்கு' என்று சங்கம் லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், இரண்டு மூன்று நாளில் பெட்டி வெளியே வந்துவிடும் என்று இங்கே ஒருவர் சொல்கிறார். சிமெண்ட் கடைக்காரரின் ஏஜெண்டேதான்.

எனக்கு இதில் மனசு ஒப்பவில்லை. நான் இதுவரை எடுத்துக் கொடுத்ததெல்லாம் தரை ஓடு, மோட்டார், ஸ்பேர் பார்ட்ஸ். உயிருள்ள சரக்கு இதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்சம் பொறுத்தால் நேர் வழியிலேயே வந்துவிடும் என்றும் தோன்றுகிறது, வராமலே போய்விடும் என்றும் தோன்றுகிறது. நீ தலைவரிடமும் மாப்பிள்ளையிடமும் கலந்து பேசி, நிதானமாக யோசித்து எழுது. நீ என்ன சொல்கிறாயோ அதைச் செய்கிறேன்.

அண்ணன்

மே 20

அண்ணாவுக்கு,

யாரிடமும் கலக்கவில்லை. யோசிக்கவும் இல்லை. வியாபாரியின் வண்டி அடிவாரம் வரை வந்துவிட்டது.

இத்துடன் சங்க லெட்டர்பேடு ஒன்று இருக்கிறது. அடியில் என் கையெழுத்தும் சீலும் இருக்கின்றன. மேலே வெற்றிடம். சமையல் கிழங்கு என்று எழுதுகிறாயோ, செங்கல் என்று எழுதுகிறாயோ, அது உன் பாடு. உன் பூசி மெழுகும் பேச்சு எனக்கு வேண்டாம். இனி "மனசு ஒப்பவில்லை", "தோன்றுகிறது" என்று ஒரு வரி வந்தால் பிரிக்காமல் அடுப்பில் போடுவேன்.

கிழங்கு வரட்டும். அது போதும்.

தங்கை

மே 24

வாயாடிக்கு,

பிரி, பிரி, அடுப்பில் போடாதே! இது நல்ல செய்தி.

பெட்டி வெளியே வந்துவிட்டது! நானே நம்பவில்லை. அந்தத் தாளைக் கொடுத்ததும் காற்று மாதிரி வேலை நடந்தது. இத்தனை வாரமாக என்னை நிமிர்ந்து பார்க்காத அதிகாரி, "உணவுப் பொருளா? முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று தன் கையாலேயே சீல் குத்திக் கொடுத்தார். இரண்டு லாரியில் மாற்றி ஏற்றி, மீசைக்காரர் முன்னால் போக, இன்னொன்று பின்னால் வருகிறது. இந்தக் கடிதமும் கிழங்கும் ஒன்றாக உன் வாசலில் வந்து இறங்கும்.

பெட்டியைத் திறந்தபோது நான் பக்கத்தில் நின்றேன். வயரைப் பிடுங்கிய பாவி ஒன்றும் கெடுத்துவிடவில்லை. சில கிழங்கில் வெள்ளை வெள்ளையாகக் குருணை மாதிரி முளை கிளம்பியிருந்தது, மற்றபடி ஒன்றுகூட அழுகவில்லை. வெளியே விடும் முன்னால் எல்லா மூட்டையையும் ஒரு கொட்டகைக்குள் அடுக்கி, கதவைச் சாத்தி, மருந்துப் புகை போட்டார்கள். சமையல் கிழங்கு எது வந்தாலும் போடுவார்களாம். "இனிமே கவலையே இல்ல சார், மாசக்கணக்கா கல்லு மாதிரி அப்படியே கிடக்கும்" என்றான் புகை போடுகிறவன். "இதுக்குத் தனியா காசா?" என்றேன். "சும்மாதான்" என்றான். இந்தத் துறைமுகத்தில் எனக்குச் சும்மா கிடைத்தது இது ஒன்றுதான்.

பொதுக்கூட்டத்தில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார். தலைவர் என் சௌக்கியத்தை விசாரித்தால், பரம சௌக்கியம் என்று சொல்.

அண்ணன்

மே 28

கிளியரிங் ஏஜெண்ட் அவர்களுக்கு,

சரக்கு வந்து சேர்ந்தது. சாம்பிளுக்குப் போன ஒன்று தவிர மூட்டைகளின் எண்ணிக்கை சரியாக இருந்தது. ஒரு கிழங்கும் அழுகவில்லை. தாங்கள் எழுதியபடியே கல் மாதிரி இருந்தன.

லாரி வந்தபோது ஊரே ஆபீஸ் வாசலில் இருந்தது. மீசைக்காரர் ஹாரனை அடித்துக்கொண்டே வளைவில் திரும்பினார். ஆட்கள் லாரி நிற்பதற்குள் ஏறிவிட்டார்கள். தலைவர் என் கையைப் பிடித்து, "தப்பா பேசிட்டேன்மா, மனசுல வச்சுக்காத" என்றார். மீசைக்காரர் உங்கள் கடிதத்தைக் கொடுத்தார். நான் பிரிக்கவில்லை. உங்கள் சாமர்த்தியத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதியிருப்பீர்கள், சாவகாசமாகப் படித்துக்கொள்ளலாம் என்று கைப்பையில் போட்டுக்கொண்டேன். கீழ்மேட்டு அக்காதான் முதல் மூட்டை. தலையில் ஏற்றிக்கொண்டு கிட்டத்தட்ட ஓடினாள். குருணை மாதிரி முளை இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இங்கே வந்தபோது அது பழுப்பாகி உதிர்ந்துவிட்டிருந்தது. வழியில் உரசியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் கூட்டத்துக்குக் கிளம்பும்போது, எல்லாருக்கும் படித்துக் காட்டிச் சிரிக்கலாம் என்று கடிதத்தைப் பிரித்தேன். புகை என்ற இடத்தில் கண் நின்றுவிட்டது. அதற்கு மேல் ஒரு எழுத்தும் தெரியவில்லை.

அது முளையை அடக்குகிற புகை அண்ணா. கடையில் கிடக்கும்போது முளைவிடக் கூடாது என்பதற்காகச் சமையல் கிழங்குக்குப் போடுவது. அதைச் சாப்பிடலாம். எந்த மண்ணில் புதைத்தாலும் முளைக்காது.

கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டதையும் சொன்னேன். யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும், கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அதற்குள் பாதிப்பேர் நட்டுவிட்டிருந்தார்கள். சாப்பிடவாவது, விற்கவாவது ஆகட்டும் என்று எல்லாரும் வயலில் இறங்கி நட்டதைத் தோண்டினார்கள். நட்ட மறுநாள் தோண்டி எடுப்பதை நான் பார்த்ததே இல்லை. கீழ்மேட்டு அக்கா பாத்திக்குள் முட்டி போட்டு, கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்தாள். நானும் போய் உட்கார்ந்தேன். அவள் அப்போதும் ஒன்றும் கேட்கவில்லை.

விதைக்குப் புகை ஆகாது என்று எங்கள் மலையில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் உனக்குச் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. சமையல் கிழங்கு என்று எழுதினால் புகை போடுவார்கள் என்று உன் யார்டில் மூட்டை தூக்குகிறவருக்கும் தெரியும். அதனால் உனக்கு யாரும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததை நாம் இரண்டு பேர் மட்டும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

கையெழுத்து என்னுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நீ பக்கத்தில் நின்றிருக்கிறாய் அண்ணா. கதவைச் சாத்தும்போது பக்கத்தில் நின்றிருக்கிறாய். ஒரு வார்த்தை, எதுக்குப்பா இந்தப் புகை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? காசு உண்டா என்றுதான் கேட்கத் தோன்றியதா?

இனி எழுத வேண்டாம். மீசைக்காரரிடமும் சொல்லிவிட்டேன்.

ஜூன் 2

தங்கைக்கு,

மீசைக்காரர் வாங்க மாட்டேன் என்றார். காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கொடுத்தனுப்புகிறேன். அடுப்பில் போடுவதானால் படித்துவிட்டுப் போடு.

நான் கேட்கவில்லை. அவ்வளவுதான், இதற்குச் சப்பைக்கட்டு எதுவும் கிடையாது. பெட்டி வெளியே வந்துவிட்ட சந்தோஷத்தில் எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. வாசலைத் தாண்டினால் என் வேலை முடிந்தது, பதினைந்து வருடமாக அப்படித்தான் பழக்கம். வாசலுக்கு அந்தப் பக்கம் சரக்கு என்ன ஆகிறது என்று நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இன்னொன்றையும் சொல்லித்தான் ஆக வேண்டும். உன் கடிதம் வந்த அன்று லேபுக்குப் போனேன். மருந்துப் பெட்டிக்கு அனுமதி கிடைத்து, சோதனையும் முடிந்துவிட்டது. நோய் இல்லை, விதைக்கு விடலாம் என்று லேப் நோட்டில் இருபத்தேழாம் தேதி போட்டு முடிவு எழுதி வைத்திருக்கிறார்கள். உன் கூட்டம் நடந்த அதே நாள். நான் தாளைக் கொடுக்காமல் இருந்திருந்தால், அன்றைக்கே பெட்டி உயிரோடு வெளியே வந்திருக்கும். அதைப் படித்துவிட்டு நான் லேப் நடைபாதையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உட்கார்ந்தது ஒரு மூட்டையின் மேல். எழுந்து பார்த்தால் நம் சாம்பிள் மூட்டை. ஓரமாகக் கிழித்து நாலைந்து கிழங்கை எடுத்திருக்கிறார்கள், மிச்சமெல்லாம் அப்படியே இருக்கிறது. கிழிசல் வழியாக விரல் நீளத்துக்கு முளைகள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. புகை போட்டபோது அது கொட்டகையில் இல்லை. இங்கே கிடந்தது. தலை தெறிக்க ஓடி மேடம் முன்னால் நின்றேன்.

"மேடம், அந்த மூட்டையக் குடுத்துடுங்க."

"எந்தச் சரக்கோட மூட்டை சார் அது?"

"விதைக்கிழங்கு. சோதனைக்கு நீங்க எடுத்தது."

அவர் கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்த்தார். "அந்தப் பெட்டியில வந்தது சமையல் கிழங்குன்னு நீங்கதானே எழுதிக் குடுத்திருக்கீங்க. சமையல் கிழங்குக்கு நாங்க சாம்பிளே எடுக்கிறதில்லயே."

"அப்ப அந்த மூட்டை?"

"எங்க கணக்குல அப்படி ஒரு மூட்டையே இல்ல. இல்லாத மூட்டைய நான் எப்படி சார் குடுக்க முடியும்?"

உன் கடிதத்தை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். முழுவதும் படித்தார், அந்த அக்கா முட்டி போட்டுத் தோண்டியதுவரை. மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டு எழுந்தார். "நான் டீ குடிக்கப் போறேன். மருந்து வராததுக்கு நானும் தினம் கடுதாசி போட்டவதான். திரும்பி வர்றப்ப நடைபாதையில எதுவும் கிடந்து என் காலை இடறக் கூடாது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூட்டை இப்போது என் வீட்டில், அண்ணியின் கட்டிலுக்கு அடியில் ஈரத்துணி போர்த்திக்கொண்டு இருக்கிறது. ஒரு கண்டெய்னருக்கு ஒரு மூட்டை எந்த மூலைக்கு என்று நீ கேட்பாய். தெரியும். யாரிடமும் கொடுத்தனுப்ப எனக்குத் தைரியமில்லை. நானே கொண்டு வருகிறேன்.

அண்ணன்

ஜூன் 27

அண்ணாவுக்கு,

நீ வந்த அன்று மழை பிடித்துவிட்டது. லாரி வளைவில் சிக்கிக்கொள்ள, அடிவாரத்திலிருந்து மூட்டையைத் தோளில் சுமந்து ஏறி வந்தாய். ஆபீஸ் வாசலில் சேறும் சகதியுமாக நின்றாய். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். பகையாளி வந்து நின்றால்கூட வா என்று சொல்லித்தான் வளர்ந்தோம். எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். நீ மூட்டையைத் தாழ்வாரத்தில் நனையாத இடமாகப் பார்த்து இறக்கி, உன் மழைக்கோட்டைக் கழற்றி அதன்மேல் போர்த்திவிட்டு, நனைந்துகொண்டே இறங்கிப் போனாய். உன் முதுகு வளைவில் மறையும்வரை கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இங்கே நிலைமை மோசம்தான், மறைக்கவில்லை. புகைக் கிழங்கைச் சந்தையில் விற்றோம், வாங்கின விலையில் பாதி தேறவில்லை. மிச்சத்தை எல்லா வீட்டிலும் வேகவைத்துத் தின்றுகொண்டிருக்கிறோம். தின்னத் தின்ன நெஞ்சில் நிற்கிறது. பாதிப்பேர் கூலி வேலைக்குக் கீழே இறங்கிவிட்டார்கள், உன் மாப்பிள்ளையும்தான். நான் இப்போது செயலாளர் இல்லை.

ஒன்று மட்டும் நடந்தது. வியாபாரியின் விதையை யாரும் வாங்கவில்லை. அந்த ஒரு மூட்டையைப் பங்கு போடாமல், முளை பார்த்துத் துண்டு துண்டாக வெட்டி, ஒரே இடத்தில் நடுவது, வருவதைத் தின்னாமல் அடுத்த போகத்துக்கு எல்லாருக்கும் விதையாகக் கொடுப்பது என்று தலைவரே சொல்லி முடிவானது. கீழ்மேட்டு அக்காவின் நிலம்தான் சரிவில் இருக்கிறது, தண்ணீர் நிற்காது. அதில் நட்டோம். மழையில் அழுகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். தினமும் போய் வாய்க்கால் வெட்டிவிடுகிறேன். போகும்போதெல்லாம் உன்னை மாதிரி மண்ணின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன்.

இன்று காலையில் போனபோது அக்கா எனக்கு முன்னால் அங்கே நின்றுகொண்டிருந்தாள். மண் வெடித்து, வரிசையாகக் கரும்பச்சை இலை தலை காட்டியிருந்தது. இத்தனை நாளாக என்னிடம் ஒன்றுமே கேட்காதவள், திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"அன்னைக்கு மூட்டையச் சுமந்துக்கிட்டு வந்தாரே உங்கண்ணன், ஒரு வாய் தண்ணியாச்சும் குடிச்சுட்டுப் போனாரா?"

வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். உன் மழைக்கோட்டு காய்ந்து ஆணியில் தொங்குகிறது. மீசைக்காரரிடம் கொடுத்தனுப்ப மாட்டேன்.

வா அண்ணா.

தங்கை